கையடக்க ரேடியோ ஸ்கேனர்: எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம், எதுவரை கேட்கலாம்

1930களில் அமெரிக்க வீடுகளுக்கு விற்கப்பட்ட வானொலிப் பெட்டிகள் பலவற்றின் முகப்பில், பாட்டும் செய்தியும் வரும் நிலையங்களைத் தாண்டி முள் நகரும் இடத்தில் ‘போலீஸ்’ என்று அச்சிட்டிருப்பார்கள். டெட்ராய்ட் நகரக் காவல்துறை 1928 இல் தன் ரோந்துக் கார்களுக்கு வானொலி வழியாகச் செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தது. அது ஒருவழிப் பேச்சு. காரில் இருந்தவர் கேட்கலாம். பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல அவர் வண்டியை நிறுத்தித் தொலைபேசியைத் தேட வேண்டும். மத்திய அலைக்குச் சற்று மேலே ஒலித்த அந்தப் பேச்சை ஊரில் யாரும் தம் கூடத்தில் உட்கார்ந்து கேட்க முடிந்தது. பெட்டி செய்தவர்களே அதை ஒரு வசதியாகச் சொல்லி விற்றார்கள்.

ஆகவே, காவல்துறை வானொலி தோன்றிய நாளிலிருந்தே பொதுமக்கள் அதைக் கேட்டு வந்திருக்கிறார்கள். கையடக்க ஸ்கேனர் என்ற கருவி அந்தப் பழக்கத்தின் பிற்கால வடிவம்தான். இந்த அடிப்படையை மறந்துவிட்டுத்தான் இன்றைய விவாதங்கள் பலவும் நடக்கின்றன. ஸ்கேனர் என்றாலே ஒட்டுக்கேட்பு என்று ஒரு தரப்பு முடிவு கட்டிவிடுகிறது. காற்றில் வருவதெல்லாம் என் உரிமை என்று இன்னொரு தரப்பு நினைக்கிறது. இரண்டும் சரியில்லை என்பதே என் நிலை. எந்தப் பேச்சு எந்த நாட்டில் யாருக்குத் திறந்திருக்கிறது, எதைக் கேட்பதால் ஊருக்கு நன்மை, எதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுவது மரியாதை என்று பிரித்தறிய வேண்டும். அதற்குக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கேனர் என்பது ஒரு வானொலி வாங்கி. அது எதையும் ஒலிபரப்பாது. வீட்டு எஃப்எம் பெட்டி ஒரு நிலையத்தில் நின்று கேட்கும். ஸ்கேனரோ தன் நினைவில் இருக்கும் அதிர்வெண்களை ஒவ்வொன்றாக, ஒரு நொடிக்குள் பல பத்துகளாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகும். எங்கே யாராவது பேசுகிறார்களோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் நடையைத் தொடரும். காவலர், தீயணைப்பு வீரர், விமானி, ரயில் ஓட்டுநர் எல்லோரும் சில நொடிகள் பேசிவிட்டு நீண்ட நேரம் அமைதியாக இருப்பவர்கள் என்பதால் இந்த ஏற்பாடு தேவைப்படுகிறது.

1970களின் தொடக்கத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம் வாங்கிக் கருவிக்குள் செருக வேண்டியிருந்தது. எட்டுச் சேனல் கேட்க எட்டுப் படிகம். இண்டியானா மாநிலத்தின் எலெக்ட்ரா நிறுவனம் கொண்டுவந்த பேர்கேட் வரிசைக் கருவிகள் அந்த நிலையை மாற்றின. 1975 வாக்கில் வந்த பேர்கேட் 101இல் வரிசையாக உள்ள சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி அதிர்வெண்ணை அமைக்கலாம். அடுத்து வந்த பேர்கேட் 210இல் எண் பொத்தான்களை அழுத்தினாலே போதும். ஸ்கேனரைப் ‘புரோகிராம்’ செய்வது என்ற பேச்சே அப்போதுதான் பொருள் பெற்றது. 1984 இல் பேர்கேட் பெயர் யுனிடென் நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்றும் சந்தையில் முன்னால் நிற்பது அதுதான். ரேடியோஷாக் கடைகளில் விற்ற கருவிகளில் பலவற்றைச் செய்துகொடுத்த ஜிஆர்இ நிறுவனம் 2012 இல் மூடப்பட்டது. அதன் வடிவமைப்புகளை வாங்கி விஸ்லர் என்ற நிறுவனம் தொடர்ந்தது.

கருவி கையில் வந்ததும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது தூரம். ஸ்கேனர் கேட்கும் அலைகள் பெரும்பாலும் 25 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை. சிற்றலைபோல வானத்தில் பட்டுத் திரும்பி ஆயிரம் மைல் வருவது இவற்றில் அரிது. கண்ணுக்கெட்டும் தூரத்தைவிடச் சற்று அதிகம் போகும், அவ்வளவே. தரையில் நின்று கைக்கருவியோடு பேசுகிறவரின் குரல் சில கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரலோ 400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெளிவாக வரும். விமானி பேசுவது கேட்கிறது, கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் பதில் கேட்கவில்லையே என்று புதிதாக வாங்கியவர்கள் குழம்புவார்கள். கருவியில் குறை ஒன்றும் இல்லை. கோபுரம் தரையில் இருக்கிறது, விமானம் மேலே இருக்கிறது.

ஆண்டெனா பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கருவிக்குச் செலவழிப்பவர்கள் இதற்குச் செலவழிப்பதில்லை. பெட்டியோடு வரும் குட்டை ரப்பர் ஆண்டெனா எல்லா அலைகளுக்கும் ஓரளவு பொருந்தி எதற்கும் முழுதாகப் பொருந்தாதது. 75ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். விமானப் பட்டையின் 125க்கு 60 சென்டிமீட்டர், 155க்கு ஏறத்தாழ 48, 460க்கு 16, 850க்கு 9. நீங்கள் அதிகம் கேட்கப்போவது எதுவோ அதற்கேற்ற நீளத்தில் உருவி நீட்டும் ஆண்டெனா ஒன்றை வாங்கி மாட்டினால், மிக விலை உயர்ந்த கருவிக்கு மாறியதைவிட அதிக வித்தியாசம் தெரியும்.

எங்கே என்ன இருக்கிறது? அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம், ஸ்கேனர் பழக்கம் அதிகம் வேரூன்றிய நாடு அதுதான். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானப் பேச்சு. இது உலகெங்கும் ஒன்றே. 121.5 அவசர அழைப்புக்கு உரியது. இந்தப் பட்டை இன்னும் ஏஎம் முறையில்தான் இயங்குகிறது. அதற்கு நல்ல காரணம் உண்டு. எஃப்எம் முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மற்றதை முழுதாக அமுக்கிவிடும். இரண்டாமவர் பேசியதே யாருக்கும் தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதிக் கீச்சென்று ஒலிக்கும். யாரோ இன்னொருவரும் அழைக்கிறார் என்று கட்டுப்பாட்டாளருக்கு உடனே தெரிந்துவிடும். உயிர் காக்கும் பழமை அது. கடல் போக்குவரத்து 156 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே, அதில் 156.8, அதாவது 16ஆம் சேனல், ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உலகப் பொது. ரயில்கள் 160, 161 அருகே. 162.400 முதல் 162.550 வரை ஏழு சேனல்களில் தேசிய வானிலைத் துறை இருபத்துநான்கு மணி நேரமும் பேசிக்கொண்டே இருக்கிறது. புதுக் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சேனல் இல்லை. 144 முதல் 148 வரை அமெச்சூர் வானொலி. சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ஒலிபரப்பு 145.800இல் வருகிறது. உள்ளூர்க் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவை ஊருக்கு ஊர் வேறுபடும்: கிராமப்புறங்களில் 150களிலும் 450களிலும், பெருநகரங்களில் பெரும்பாலும் 700, 800 மெகாஹெர்ட்ஸிலும்.

கருவி வாங்குபவர் தவறும் இடம் இதுதான். யுனிடென் பிசி125ஏடி என்ற எளிய கைக்கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். 500 சேனல், பத்துப் பேங்குகளாகப் பிரித்தது, பேங்குக்கு 50. இரண்டு சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடும். விமானம், கடல், ரயில், கார்ப் பந்தயம், கிராமத்துத் தீயணைப்பு ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல தொடக்கக் கருவியை என்னால் சொல்ல முடியாது. ஆனால் அது 512 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டிஜிட்டல் பேச்சையும் அறியாது. 800 மெகாஹெர்ட்ஸ் டிஜிட்டலுக்கு மாறிவிட்ட நகரத்தில் காவல்துறையைக் கேட்க அதை வாங்கினால் மௌனம்தான் கிடைக்கும். கடைக்குப் போகும் முன் தன் ஊரும் மாவட்டமும் எந்த முறையில் பேசுகின்றன என்று தேடிப் பார்ப்பதுதான் புரோகிராமிங்கின் முதல் படி. ரேடியோரெஃபரன்ஸ் என்ற தரவுத்தளத்தில் அமெரிக்கா, கனடா நாடுகளின் மாவட்டவாரிப் பட்டியலைத் தன்னார்வலர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

இனி அதிர்வெண்ணை உள்ளிடும் வேலை. எளிய கருவியில் அது சிரமமே இல்லை: சேனல் எண்ணுக்குப் போய் நிறுத்தி, அதிர்வெண்ணைத் தட்டி, ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்த வேண்டும். சேனலுக்குப் பெயரும் வைக்கலாம். கணினியில் யுஎஸ்பி கம்பி வழியே மென்பொருளைக் கொண்டு செய்தால் நூறு சேனலையும் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். ஆனால் முதல் பத்துப் பன்னிரண்டு சேனல்களையாவது கையாலேயே தட்டிப் பழகுங்கள் என்பேன். பயணத்தில், மின்சாரம் போன புயல் இரவில், கணினி கூட வராது. அப்போது கை பழகியிருந்தால்தான் புதிய அதிர்வெண் ஒன்றைச் சேர்க்க முடியும்.

எண்ணோடு சேர்த்து நாலைந்து சிறு விஷயங்களை அமைக்க வேண்டும். இவற்றில்தான் கேட்பின் சுகம் இருக்கிறது. முதலாவது ஸ்குவெல்ச். பேச்சில்லாத நேரத்தில் வரும் இரைச்சலை அடைக்கும் கதவு இது. இரைச்சல் நிற்கும் வரை திருப்பி, அதற்குமேல் ஒரு மயிரிழை மட்டும் திருப்ப வேண்டும். பலர் அமைதி வேண்டுமென்று நிறையத் திருப்பிவிட்டு, தூரத்துக் குரல்கள் வருவதில்லை என்று கருவியைக் குறை சொல்கிறார்கள். அடுத்தது தாமதம். ஒருவர் பேசி முடித்ததும் கருவி உடனே நகர்ந்துவிட்டால் அவருக்கு வந்த பதில் போய்விடும். இரண்டு நொடி காத்திருக்கச் சொன்னால் உரையாடல் முழுதாகக் கிடைக்கும். முக்கியமான ஒரு சேனலை முன்னுரிமையில் வைத்தால் மற்றவற்றின் நடுவிலும் கருவி அதை அடிக்கடி எட்டிப் பார்க்கும்.

ஒரே அதிர்வெண்ணைப் பக்கத்து ஊர்களும் பங்குபோட்டுக்கொள்வதுண்டு. அதற்காகக் குரலோடு சேர்த்து, காதுக்குப் புலப்படாத தாழ்ந்த டோன் ஒன்றை அனுப்புவார்கள். உங்கள் ஊரின் டோனைக் கருவிக்குச் சொல்லிவிட்டால் மற்ற ஊரின் பேச்சு வராது. டோன் என்னவென்று தெரியாவிட்டாலும் கவலையில்லை. தேடும் முறையில் வைத்தால் கருவியே கண்டுபிடித்துத் திரையில் காட்டும்.

எனினும் புதியவர்களுக்கு அதிகம் தேவைப்படும் பொத்தான் லாக்-அவுட். அது ஒரு சேனலை நடையிலிருந்து நீக்கிவிடும். 500 இடமும் நிரம்ப வேண்டும் என்ற ஆசையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் குப்பை வண்டி நிலையமும் பள்ளிப் பேருந்தும் பேசிக்கொண்டே இருக்கும். பக்கத்துத் தெருவில் தீப்பிடித்த செய்தி நழுவிவிடும். பேங்குகளைப் பயனுக்கு ஏற்பப் பிரிப்பது நல்லது. விமானம் ஒன்றில், ரயில் ஒன்றில், தீயணைப்பும் ஆம்புலன்ஸும் ஒன்றில், வானிலையும் அமெச்சூரும் ஒன்றில் என்று வைத்து, வேண்டியதை மட்டும் திறந்து வைக்கலாம். நன்றாகக் கேட்பவரின் கருவியில் எப்போதும் முப்பது நாற்பது சேனலுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்காது.

இதுவரை சொன்னது பழைய உலகம். 1980களிலிருந்து பெருநகரங்கள் டிரங்கிங் முறைக்கு மாறின. இதைப் புரிந்துகொள்ளாமல் இன்றைய ஸ்கேனரைத் தொடவே முடியாது. முன்பு காவல்துறைக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று, குடிநீர் வாரியத்துக்கு ஒன்று என அதிர்வெண்கள் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலான நேரம் அவை சும்மா கிடந்தன. டிரங்கிங்கில் எல்லா அதிர்வெண்களும் பொதுச் சொத்து. கல்யாணப் பந்தியில் எந்த வரிசை காலியாகிறதோ அங்கே அடுத்த கூட்டத்தைக் கைகாட்டி உட்கார வைக்கிற ஒருவர் இருப்பாரே, அதுபோல இங்கே ஒரு கட்டுப்பாட்டுச் சேனல் இருக்கிறது. காவலர் ஒருவர் பொத்தானை அழுத்தியதும், அவருடைய குழுவினர் அத்தனை பேரின் கருவிக்கும் ‘இந்த முறை நீங்கள் இந்த அதிர்வெண்ணுக்குப் போங்கள்’ என்று அது நொடிப்பொழுதில் சொல்லிவிடும். அடுத்த முறை வேறு அதிர்வெண். அதனால் ஒரு அதிர்வெண்ணில் நின்று கேட்பவருக்குக் காவல்துறையின் கேள்வியும் குடிநீர் வாரியத்தின் பதிலும் மாறி மாறித்தான் கிடைக்கும்.

இதைத் துரத்திப் பிடிக்கும் முதல் கைக்கருவியாக யுனிடெனின் பிசி235எக்ஸ்எல்டி 1997 இல் வந்தது. கட்டுப்பாட்டுச் சேனல் சொல்வதை அதுவும் கேட்டு, குழு எங்கே போகிறதோ அங்கே தானும் போகும். எனவே டிரங்கிங் கருவியைப் புரோகிராம் செய்யும்போது அதிர்வெண்ணைவிடக் குழு எண்ணே முக்கியம். டாக்குரூப் எண் என்பார்கள். முதலில் அமைப்பு, அதன் கீழே கோபுரத் தளம், தளத்தின் கட்டுப்பாட்டுச் சேனல், பிறகு நீங்கள் கேட்க விரும்பும் டாக்குரூப்கள் என்று ஏணிப்படியாக ஏற்ற வேண்டும். இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. மாநிலம் முழுதும் பரவிய அமைப்பின் எல்லாத் தளங்களையும் ஏற்றிவிட்டு, எட்டாத தளங்களைக் கருவி தேடித் தேடிக் களைக்க விடுவது ஒன்று. பட்டியலில் இல்லாத டாக்குரூப்களும் கேட்கும்படி திறந்து வைத்துவிட்டு, குப்பை லாரிப் பேச்சில் மூழ்குவது இன்னொன்று. வீட்டுக்கு அருகிலுள்ள ஒரே ஒரு தளம், ஐந்தாறு டாக்குரூப் என்று தொடங்கினால் இரண்டும் வராது.

அதற்கும் மேலே டிஜிட்டல். அமெரிக்கப் பொதுப் பாதுகாப்புத் துறைகளின் பொதுத் தரம் பி25. அதன் முதல் கட்டத்தில் ஒரு சேனலில் ஒரு பேச்சு. இரண்டாம் கட்டத்தில் நேரத்தைக் கூறுபோட்டு ஒரே சேனலில் இரண்டு பேச்சு. இவற்றைக் கேட்க டிஜிட்டல் ஸ்கேனர் வேண்டும், விலையும் பல மடங்கு. தனியார் நிறுவனங்களும் சில ஊராட்சிகளும் பயன்படுத்தும் டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன் முறைகளுக்கு யுனிடென் தனிக் கட்டணம் வாங்குகிறது.

டிஜிட்டலில் பலரைச் சோர்வடையச் செய்த சிக்கல் ஒன்று உண்டு. நகரின் பல கோபுரங்கள் ஒரே நேரத்தில் ஒரே அதிர்வெண்ணில் ஒரே பேச்சை அனுப்பும். இரண்டு கோபுரங்களிலிருந்து வரும் அலை சிறு நேர வித்தியாசத்தோடு கருவியை அடையும்போது எண்கள் குழம்பி, பேச்சு துண்டு துண்டாக உடையும். அலை வலுவாக இருந்தும் பேச்சு புரியாமல் போவதற்கு இதுவே காரணம். இந்தச் சந்தர்ப்பத்தில் மட்டும் பெரிய ஆண்டெனா கெடுதல் செய்யும். இரண்டாவது கோபுரத்தையும் அது இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஒரே கோபுரத்தின் பக்கம் கருவியை நகர்த்துவதும் சிறு ஆண்டெனாவும் உதவும். 2018 இல் வந்த எஸ்டிஎஸ்100 இந்தக் குழப்பத்தை உள்வாங்கிப் பிரிக்கும் வகையில் வேறு விதமான வாங்கியோடு வடிவமைக்கப்பட்டது. வந்தபோது ஏறத்தாழ 700 டாலர் விலை. அந்தச் சிக்கல் உள்ள நகரங்களில் அது தகும். மற்ற இடங்களில் தேவையில்லை.

அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி 2012 இல் திறந்தது. டிஜிட்டல் தொலைக்காட்சிக்காகச் செய்த மலிவான யுஎஸ்பி செருகியின் சிப்பை, சில ஆர்வலர்கள் ஆராய்ந்து, பரந்த அதிர்வெண் வரம்பைக் கேட்கும் பொது வாங்கியாக மாற்றலாம் எனக் கண்டார்கள். முப்பது டாலர் அளவிலான அந்தச் செருகியும் இலவச மென்பொருளும் இருந்தால், கணினித் திரையில் கட்டுப்பாட்டுச் சேனலின் ஒவ்வொரு கட்டளையையும் கண்ணால் பார்க்கலாம். டிரங்கிங் எப்படி நடக்கிறது என்று கற்பதற்கு இதைவிடச் சிறந்த பள்ளி இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க முடியாது என்பதுதான் குறை.

2010 இல் யுனிடெனின் ஹோம்பேட்ரோல் வந்த பிறகு, அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் கருவியே அந்த வட்டாரத்துச் சேனல்களைத் தரவுத்தளத்திலிருந்து திறந்துகொள்ளும் வசதி பரவியது. புரோகிராமிங்கே இனி வேண்டாம் என்று அப்போது பேசப்பட்டது. அப்படி ஆகவில்லை. அஞ்சல் குறியீடு கொடுப்பது நூற்றுக்கணக்கான குழுக்கள். அவற்றில் எது தன் தெருவைத் தொடும் என்று தேர்ந்தெடுப்பது இன்றும் கேட்பவர் வேலைதான்.

கேட்டால் புரியுமா? கொஞ்ச நாள் பிடிக்கும். ‘பத்து-நாலு’ என்பது போன்ற எண் குறியீடுகள் 1937 வாக்கில் இல்லினாய் மாநிலக் காவல்துறையில் பிறந்தவை. அக்காலக் கருவிகள் பொத்தானை அழுத்தியதும் முழு வலுவுக்கு வரச் சற்று நேரம் எடுக்கும். முதல் அசை காற்றோடு போகும். அதற்காகப் ‘பத்து’ என்று தொடங்கினார்கள். பத்து போனாலும் நாலு மிஞ்சும். இப்போது பல துறைகள் ஒன்றாகப் பணியாற்றும் பெரிய விபத்துகளில் சாதாரண மொழியே பேச வேண்டும் என்பது விதி என்பதால், கேட்பவர்களுக்கும் எளிது.

சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் மறைகுறியாக்கம் செய்யாத பொதுப் பாதுகாப்புப் பேச்சைக் கேட்பது குற்றம் இல்லை. 1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம், கேட்டதை வெளியிடுவதற்கும் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்துவதற்கும் வரம்பு விதித்திருக்கிறது. குற்றம் செய்யும்போது ஸ்கேனர் வைத்திருப்பது பல மாநிலங்களில் தனிக் குற்றம். நியூயார்க், ஃபுளோரிடா, இண்டியானா, கென்டக்கி, மின்னசோட்டா ஆகிய மாநிலங்களில் காரில் ஸ்கேனர் வைக்கவே கட்டுப்பாடு உண்டு. கைப்பேசிப் பேச்சு முற்றிலும் விலக்கப்பட்டது. தொடக்ககாலக் கைப்பேசிகள் சாதாரண எஃப்எம்மில் பேசியதால் யாரும் கேட்க முடிந்தது. 1994 ஏப்ரல் முதல் அந்தப் பட்டைகளைக் கேட்கும் ஸ்கேனரைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் தடை செய்யப்பட்டன. அமெரிக்கக் கருவிகளின் அட்டவணையில் 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் காணும் இடைவெளிகள் அதனால் வந்தவை. 1996 டிசம்பரில் நாடாளுமன்ற அவைத் தலைவர் நியூட் கிங்ரிச் கலந்துகொண்ட கைப்பேசி உரையாடலை ஃபுளோரிடாவைச் சேர்ந்த தம்பதி ஸ்கேனரில் கேட்டுப் பதிவு செய்தனர். அது பத்திரிகைக்குப் போனது. தம்பதிக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

நம்மவர்கள் அதிகம் வாழும் மற்ற நாடுகளில் நிலை வேறு. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, பொதுமக்களுக்கென ஒலிபரப்பாகாத எதையும் அனுமதியின்றிக் கேட்பதே குற்றம். கருவியைக் கடையில் வாங்கலாம்; காவல்துறையையோ விமானத்தையோ கேட்கக் கூடாது. விமான நிலைய வேலியோரம் நிற்கும் ஆர்வலர்கள் பலர் இதை அறிவதில்லை. கனடாவில் கேட்டதைப் பயன்படுத்துவதும் பிறருக்கு வெளியிடுவதும் குற்றம். இந்தியாவில் வானொலிக் கருவியை வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்று 1933ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது. அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில், செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறிப்பதற்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் வரும்போது ஒரு ஸ்கேனர் வாங்கி வரச் சொல்வது விளையாட்டல்ல.

இப்போது அமெரிக்காவிலேயே கதவு மூடிக்கொண்டு வருகிறது. பி25 அமைப்பில் மறைகுறியாக்கத்தை இயக்குவது எளிது; இயக்கிய பிறகு உலகின் எந்த ஸ்கேனரும் அதைத் திறக்காது. டென்வர் நகரக் காவல்துறை 2019 இல் மூடியது. 2020 அக்டோபரில், குடிமக்களின் தனிப்பட்ட விவரங்கள் காற்றில் போகாமல் காக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா நீதித்துறை அறிவுறுத்தியதும் அம்மாநிலத்தில் பல நகரங்கள் முழுதாக மூடின. நியூயார்க் காவல்துறை 2023 இல் புரூக்ளினிலிருந்து தொடங்கியது. சிகாகோ, நேரடிப் பேச்சை மூடி அரை மணி நேரத் தாமதத்தோடு வெளியிடும் வழியை எடுத்தது.

மூடுபவர்கள் சொல்லும் காரணங்களை லேசாகத் தள்ள முடியாது. வாகனச் சோதனையில் ஒருவருடைய பெயர், பிறந்த நாள், உரிம எண் எல்லாம் காற்றில் போவது சரியில்லை. மனநலம் குன்றியவர் வீட்டு முகவரி ஊருக்கே கேட்பதும் சரியில்லை. கேட்பவர்களாலும் தீங்கு நேர்ந்திருக்கிறது. பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் 2013 ஏப்ரல் 19 அதிகாலையில் ஆயிரக்கணக்கானோர் காவல்துறைப் பேச்சை நேரலையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காணாமல் போயிருந்த, இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரின் பெயரைச் சந்தேக நபராகக் காவல்துறை வானொலியில் சொன்னதாக வதந்தி பரவியது. பின்னர் பதிவுகளைச் சோதித்தவர்கள் அப்படிச் சொன்னதற்குச் சான்று காணவில்லை. அந்தக் குடும்பம் பட்ட வேதனைக்கு ஈடு எதுவும் இல்லை. வானொலியில் வருவது உறுதி செய்யப்படாத முதல் தகவல். அதைச் செய்தியாக்கிப் பரப்புகிறவர் கேட்பவர் என்ற பெயருக்கே தகுதியற்றவர்.

ஆனாலும் முழு மூடல் சரியான மருந்து என்று நான் ஏற்கவில்லை. பாலோ ஆல்டோ நகரம் 2021 ஜனவரியில் மூடி, 2022 இல் மீண்டும் திறந்தது. தனிப்பட்ட விவரம் சொல்ல வேண்டியபோது மட்டும் வேறு வழியைப் பயன்படுத்தச் சொன்னது. முடியாதது என்று மற்ற நகரங்கள் சொன்னதை ஒரு நகரம் செய்து காட்டிவிட்டது. அடுத்தது காட்டுத்தீ. கலிஃபோர்னியாவின் மாநிலத் தீயணைப்புத் துறை இன்னும் திறந்த அனலாக் முறையில் பேசுகிறது. சொனோமா மாவட்டத்தில் 2021 இல் தொடங்கிய ‘வாட்ச் டியூட்டி’ என்ற லாப நோக்கற்ற செயலியின் தன்னார்வலர்கள் அந்தப் பேச்சைக் கேட்டு, சரிபார்த்து, தீ எந்தப் பக்கம் நகர்கிறது என்று மக்களுக்குச் சொல்கிறார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது எண்ணற்ற குடும்பங்கள் எப்போது கிளம்புவது என்று அதைப் பார்த்து முடிவு செய்தன. பாஸ்டனில் தீங்கு செய்ததும் இங்கே உயிர் காத்ததும் ஒரே பழக்கம்தான்; கேட்டதைச் சரிபார்த்த பிறகே சொல்வது என்ற ஒழுங்கு ஒன்றில் இல்லை, மற்றதில் இருந்தது.

என் முடிவு இது. சிறப்புக் குழுக்களின் பேச்சும் தனிப்பட்ட விவரச் சேனலும் மூடப்பட்டிருக்கட்டும். ஊருக்கு ஆள் அனுப்பும் அன்றாடச் சேனல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அழைப்பு ஆகியவை திறந்திருக்க வேண்டும். வரிப்பணத்தில் இயங்கும் துறை எத்தனை நேரத்தில் வந்து சேர்ந்தது என்பதைத் துறையே அல்லாமல் வெளியாள் ஒருவரும் அறியும் வழி அதுதான். உங்கள் நகர மன்றம் இதை விவாதிக்கும் நாளில் போய் உட்காருங்கள். பாலோ ஆல்டோவை எடுத்துச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் வாங்க நினைப்பவர்கள், உங்கள் மாவட்டக் காவல்துறை முழுதாக மூடிவிட்டது என்றால் விலையுயர்ந்த டிஜிட்டல் கருவியில் பணத்தைப் போடாதீர்கள். எளிய அனலாக் கருவி ஒன்றும் நல்ல ஆண்டெனாவும் வாங்கி விமானம், கடல், ரயில், வானிலை என்று தொடங்குங்கள். அவை எந்நாளும் திறந்தவை. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஸ்கேனரைத் தேட வேண்டாம். மத்திய அரசு நடத்தும் அமெச்சூர் வானொலித் தேர்வை எழுதுங்கள். 12 வயது நிறைந்தால் எழுதலாம், தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உரிமத்தோடு கையில் எடுக்கும் வாக்கி-டாக்கியில் கேட்கலாம், பதிலும் பேசலாம்.